எரித்த பேட்டர்ன் யாருடையது

பெயர்: ஜெயகரன். தகப்பனார் பெயர்: ஏசுபாதம். வயது: 46. தொழில்: பேட்டர்ன் தச்சு, இரும்பு வார்ப்பு. இருப்பிடம்: சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்கவயல், மைசூர் மாநிலம். நாள்: 9-10-1968.

வாக்குமூலம் கொடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்றும் மாஜிஸ்திரேட் அவர்கள் சொன்னார்கள். யாரும் என்னை அடிக்கவோ ஆசை காட்டவோ இல்லை. எனக்குக் கன்னடம் பேச வரும், வாசிக்க வராது என்பதால் தமிழில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஜம்புலிங்கம், தன் சொத்தான ஐந்து பேட்டர்ன்களை நான் எரித்துவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார். எரித்தது உண்மை. அவர் சொத்து என்பது பொய். அதை விளக்கத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பேட்டர்ன் என்பது வார்க்க வேண்டிய பொருளை முதலில் மரத்தில் செய்துகொள்ளும் உருவம். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றினால் பொருள் கிடைக்கும். நான் சுரங்கப் பட்டறையில் பதினேழு வருஷம் பேட்டர்ன் வேலை செய்தேன். அதன் பிறகு 1961-ல் வேலையை விட்டு, மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொந்தமாக வார்ப்புப் பட்டறை வைத்தேன். மண் அச்சு எடுக்க முனியப்பன் என்பவனை தினக்கூலிக்கு வைத்துக்கொண்டேன். அவனும் முன்பு சுரங்கத்தில் கல் அரைக்கும் மில்லில் வேலை செய்தவன்.

1962-ல் ஜம்புலிங்கம் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து, கறி கொத்தும் கீமா மிஷின் வார்த்துத் தரச் சொன்னார். அளவெல்லாம் அவர் கொடுத்தது. பேட்டர்னும் அவர் செலவில் அவருக்காகச் செய்தது. மிஷினில் அவர் கடைப் பெயரைப் போட்டு வார்த்துக் கொடுத்தேன். அந்த மிஷின் அவருடையதுதான். மறுநாளே அந்தப் பேட்டர்னை எடுத்துப்போய் வேறு பட்டறையில் கொடுத்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு 1964-ல் நான் கையால் சுற்றி மாவரைக்கும் மிஷின் ஒன்றைச் செய்தேன். சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஆட்டுக்கல் போட இடமில்லை, குழாயடியில் இருக்கும் பொதுக் கல்லுக்குப் பெண்கள் வரிசையில் நின்று சண்டை போடுவார்கள், என் மனைவி ஜெயசீலியும் நின்றிருக்கிறாள். மேசை விளிம்பில் திருகி மாட்டிக்கொண்டால் ஊறின அரிசியும் உளுந்தும் அரைபட வேண்டும் என்று நினைத்துச் செய்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் வரைபடம் கொடுக்கவில்லை. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் மாவு அரைபடும். தகட்டில் வெட்டும் கோடுகளுக்கே ஏழு மாதம் ஆனது. நேர்க்கோடு வெட்டினால் மாவு நடுவில் அடைத்துக்கொண்டது. வளைவாக வெட்டிய பிறகு ஓடியது.

ஜம்புலிங்கம் அரைத்துப் பார்த்து, தன் பெயரைப் போட்டுத் தரும்படி கேட்டார். போட்டுத் தருகிறேன், ஆனால் பேட்டர்ன் என் பட்டறையில்தான் இருக்கும், வேறு யாரும் வார்க்கக் கூடாது என்றேன். சரி என்றார். இரண்டு மிஷினிலும் ஒரே பெயர்தான், ஆனால் ஒன்று அவர் சொல்லி நான் செய்தது, இன்னொன்று நான் செய்து அவர் பெயர் ஒட்டியது. இந்த வித்தியாசம் தெரியாதவர் அல்ல அவர். தெரிந்துதான் செய்தார்.

1967 ஜனவரியில் பெங்களூர் கண்காட்சியில் காட்டப் பத்து நாளைக்கு வேண்டும் என்று மாவு மிஷினின் ஐந்து பேட்டர்ன்களையும் கேட்டார். சுரங்கத்தில் கருவி இரவல் வாங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையைக் கொடுத்துவிட்டுப் போவான். பில்லை நம் ஆணியில் தொங்கும்வரை கருவி நம்முடையது, அதை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் நான் காகிதம் கேட்காமல் பில்லை கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கடைப் பெயர் வெட்டிய பில்லை ஒன்றைக் கொடுத்தார். பதினேழு வருஷத்துப் பழக்கம் என்னை முட்டாளாக்கியது.

அதன் பிறகு நான்கு மாதம் பேட்டர்ன் வரவில்லை. மே மாதம் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் அவர் பெயருக்கு வந்திருந்த பெட்டிகளில் ஒன்று உடைந்து கிடந்தது. உள்ளே என் மாவு மிஷின். பெங்களூரில் வார்த்தது. தகட்டில் விரலை ஓட்டிப் பார்த்தேன், என் கோடுகள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள், அது சரியாக இருந்தது. நேராகக் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"மிஷின்ல யார் பேரு இருக்குது, பாத்து சொல்லு ஜெயகரா," என்றார்.

போலீசில் சொன்னேன். காகிதம் கேட்டார்கள். பில்லையைக் காட்டினேன், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு என் பட்டறையில் உலை மூட்டவில்லை. முனியப்பனும் போய், ஜம்புலிங்கம் கிடங்கிலேயே வேலைக்குச் சேர்ந்தான். எனக்கு வயிறு எரிந்தது. பதினாறு மாதம் எரிந்தது. ஜெயசீலி ஜெபம் பண்ணச் சொன்னாள். அவரை அழிக்க ஒரு நாள் கொடு என்று ஜெபம் பண்ணினேன்.

சென்ற மாதம் 30-ந் தேதி ஆயுத பூஜை. அதற்காக ஜம்புலிங்கம் பெங்களூரிலிருந்து பேட்டர்ன்களை வரவழைத்து, கடை வாசலில் பலகை போட்டு அடுக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். காலை பதினோரு மணிக்கு ஒரு பாட்டில் மண்ணெண்ணெயுடன் போனேன். என் பேட்டர்ன்களுக்கு அவர் சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருந்தார். பக்கத்தில் கீமா மிஷின் பேட்டர்ன்களும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, சந்தனம் கலையாமல் கடைப் படியில் வைத்தேன். அவருடையது அவருக்கு. என்னுடைய ஐந்தையும் தெருவில் போட்டு, எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். மிஷினையே பதித்து வார்க்கலாம் என்று அவர் நினைத்தாலும் நடக்காது, இரும்பு ஆறும்போது சுருங்கி முன்னதைவிடச் சின்னதாகிவிடும், தகடு திருகில் பொருந்தாது. அது தெரிந்துதான் கொளுத்தினேன்.

ஜம்புலிங்கம் ஓடிவந்து, என் கம்பெனி சொத்து என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். நான் பையிலிருந்த சாக்குக்கட்டியை அவரிடம் நீட்டினேன்.

"உங்க சொத்துன்னா, தகட்டுல கோடு எத்தினி, எந்தப் பக்கம் வளையுதுன்னு தரையில போட்டுக் காட்டுங்க. நானே தண்ணி ஊத்தி அணைக்கிறேன்," என்றேன்.

அவர் கட்டியை வாங்கவில்லை. வக்கீலைக் கூப்பிடு என்றார். கடைத்தெரு முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு கிடங்கிலிருந்து முனியப்பன் வந்து, என் கையிலிருந்த கட்டியை வாங்கி, தரையில் வட்டம் போட்டு, பன்னிரண்டு கோடுகளையும் வளைவு மாறாமல் வரைந்தான். பெங்களூர்க்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான்.

"மில்லுல கல்லுச் சேறு வெளிய தள்ளுற மாதிரி வளைச்சி வெட்டலாம்னு உங்களுக்குச் சொன்னவனே நான்தான் அண்ணே. அன்னிக்கு எனக்குக் கூலி குடுத்தீங்க. இப்ப உங்க மிஷின், உங்க மிஷின்னு சொல்லிக்கினு கொளுத்துறீங்க. அவரு உங்களுக்கு இன்னா செஞ்சாரோ, அத நீங்க எனக்கு முன்னாடியே செஞ்சிட்டீங்க," என்றான்.

சொல்லிவிட்டு, இன்னும் முழுதாகப் பற்றாத ஒரு தகட்டுப் பேட்டர்னை எடுக்க நெருப்பில் கையை விட்டான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்து, தகடு கரியாகும்வரை விடவில்லை. அவன் கை சுட்டுவிடக் கூடாது என்று பிடித்ததாகச் சொல்லும்படி என் வக்கீல் சொன்னார். அது உண்மை அல்ல. ஜம்புலிங்கத்துக்கு ஒரு தகடுகூட மிஞ்சக் கூடாது என்றுதான் பிடித்தேன். பிடித்திருந்த நேரம் முழுவதும் முனியப்பன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த வளைவு அவன் சொன்னது. நான்கு வருஷமாக அதை நான் ஜெயசீலியிடம்கூடச் சொன்னதில்லை.

ஆகையால் ஜம்புலிங்கம் கொடுத்த புகாரில் நான் குற்றவாளி அல்ல, அவர் பொருள் எதையும் நான் எரிக்கவில்லை. எரித்ததற்கு வருத்தமும் இல்லை. முனியப்பன் இதுவரை புகார் கொடுக்கவில்லை. அவன் கொடுத்தால் நான் வக்கீல் வைக்காமல் வந்து குற்றத்தை ஒப்புக்கொள்வேன்.

எழுதியதை எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம், எதையும் அடிக்கச் சொல்லவில்லை.

(ஒப்பம்) ஏ. ஜெயகரன்