கீழ்த்தெருவுக்குக் கொடுத்த பெட்டிகள்

மழை பெய்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். போன வருஷத்து மழை மட்டும்தான் பிடிக்கவில்லை.

முலாம் பூசும் பட்டறையின் முதலாளியைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. குழாய்களுக்கும் கைப்பிடிகளுக்கும் பளபளப்பு ஏற்றிவிட்டு, மிச்சமான குரோமியக் கழிவை வருஷக்கணக்காக வாய்க்காலில் விட்டவர் அவர்தான். வாய்க்கால் ஓரத்துக் கிணற்றிலிருந்துதான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது. அங்கிருந்து மேல்தெரு, கீழ்த்தெரு இரண்டுக்கும் போகிறது. ஆனால் கீழ்த்தெருவில் நடந்த சாவுகளுக்கு அவர் காரணமில்லை. பட்டறையை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நான் சுற்றுச்சூழல் பொறியாளர். இரும்புத் துருவலும் கரியும் கலந்து ஒரு வடிகட்டி செய்தேன். தண்ணீரில் இருக்கும் குரோமிய விஷத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், சமையலறை மூலையில் வைத்தால் போதும். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்தது. வீடுகளில் செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அதற்கு ஒரு தெருவில் வடிகட்டி இருக்க வேண்டும், இன்னொரு தெருவில் இருக்கக் கூடாது. ஒன்றுமே கொடுக்காமல் விட்டால் மனம் சங்கடப்படும் என்பதால், பார்ப்பதற்கு அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் பெட்டியைக் கீழ்த்தெருவுக்கும் கொடுத்தேன். உள்ளே வெறும் மணல்.

எந்தத் தெருவுக்கு எது என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தேன். ஓரவஞ்சனை செய்தேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. என் சொந்தத் தங்கையே கீழ்த்தெருவில்தான் குடியிருந்தாள்.

"அண்ணா, எங்க வீட்டுக்கு நல்ல பெட்டியா பாத்துக் குடுத்தியா?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதான்" என்றேன். வெளியிலிருந்து பார்த்தால் அது உண்மை.

பிறகு பட்டறையை மூடினார்கள். அதோடு மழையும் பிடித்துக்கொண்டது. வாய்க்காலைக் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கிணறு தெளிந்தது. மேல்தெருத் தண்ணீருக்கும் கீழ்த்தெருத் தண்ணீருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எங்கள் துறைத் தலைவர் என் தோளைத் தட்டி, "நல்ல விஷயம்தானே? மூட்டையைக் கட்டிடலாம்" என்றார். உலகத்தில் இன்னும் எத்தனையோ ஊர்களில் ஜனங்கள் இந்த விஷத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அவருக்கென்ன? எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாக்கடை நீரைச் சோதிப்பதற்காக ஆய்வகத்தில் ஓர் ஆரஞ்சு நிற உப்பு வைத்திருப்போம். அதில் இருப்பதும் அதே குரோமியம்தான். மாதிரி எடுப்பதற்காகத் தொட்டியின் சாவி என்னிடம் இருந்தது. நான் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. மழை அடித்துக்கொண்டு போனதைத் திருப்பி வைத்தேன். முதலில் கொஞ்சம்தான். வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை என்பதால் கூட்டினேன்.

மேல்தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரித்துப் பாருங்கள். கீழ்த்தெருவில் வாய்ப்புண், வயிற்றுவலி என்று பேச்சு வர ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள், நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம், இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. பெட்டியின் குழாயைத் தானே திறந்து, டம்ளர் தளும்பத் தளும்ப ஏந்திக்கொண்டு வந்தாள்.

"மாமா, தண்ணி."

"வேணாம்டா கண்ணு. இப்பதான் குடிச்சேன்."

"நானே புடிச்சது மாமா. கொஞ்சமாச்சும் குடிங்க."

தங்கை மெஷினை நிறுத்தாமலே சிரித்தாள். "நல்லாருக்கு கதை. ஊருக்கெல்லாம் பெட்டி குடுத்துட்டு நீ மட்டும் குடிக்க மாட்டியாக்கும்?"

டம்ளரை வாங்கி உதடு வரைக்கும் கொண்டுபோனேன். தண்ணீரில் லேசான மஞ்சள் ஓடியது. விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும். மெஷின் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்தால் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்வலிம்மா. சில்லுன்னு எது பட்டாலும் உயிர் போகுது" என்றேன்.

"அப்ப நான் குடிச்சுடுவேன்" என்று வாலு டம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். "பாருங்க, ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கல."

"சமத்து" என்று அவள் தலையைத் தடவினேன்.

என் காரில் இரும்பும் கரியும் நிரப்பிய பெட்டி ஒன்று இருந்தது. மாற்றி வைத்திருக்கலாம், பெரிய வேலையில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். ஒரு வீட்டுக்கு மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்ன நியாயம்? சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டுகிறவன் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் இறந்தவர்கள் இரண்டு பேரும் வயதானவர்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் வாலுவுக்கு வாந்தி நிற்கவில்லை, சிறுநீர் நின்றுபோனது. என்ன சாப்பிட்டாள், எதைக் குடித்தாள் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "தண்ணி மட்டும் சுத்தமான தண்ணிதான் டாக்டர். எங்கண்ணன் குடுத்த பெட்டி." டாக்டர் என்னைத் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் குழந்தை போய்விட்டாள்.

இப்போது எதற்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். முதலாளி திருட்டுத்தனமாகக் கழிவை விட்டார் என்று நீங்கள் வழக்கை முடித்துவிட்டால், தண்ணீரில் எவ்வளவு கலந்தது, எப்போது கலந்தது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். அளவு தெரியாத ஆராய்ச்சியைக் குப்பையில்தான் போடுவார்கள். அளவு எனக்கு மட்டும்தான் தெரியும். தொட்டியில் கலந்தது நான். ஒவ்வொரு தடவையும் நான்தான்.

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் அண்ணன் தன்னைக் கூட்டிவந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நீங்களே கொஞ்சம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். முதலில் அழுவாள். அழுது முடித்ததும் இதையும் சொல்லுங்கள்: மேல்தெருவில் இருந்திருந்தால் வாலு பிழைத்திருப்பாள். அதை நான் நிரூபித்துவிட்டேன்.