பூட்டில்லாத கதவு

பால் ஊத்தாத இந்தத் தே ஓ டீ நல்லாத்தான் இருக்கு இன்ஸ்பெக்டரம்மா, சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல். பரவால்ல, கேளுங்க. என் போனே உங்க கையில இருக்கு, இனி மறைக்க என்ன இருக்கு.

தங்காக் டவுன்ல எனக்குச் சேலைக்கடை. ஜெயபாலன் கடைன்னா எல்லாருக்கும் தெரியும். லோஷினி என் அக்கா மக. வேலை இடத்துல பொண்ணுங்களுக்கு நடக்கிற அசிங்கத்தையெல்லாம் ஃபேஸ்புக்ல ஒரு பக்கம் வச்சு எழுதுவா. பேர் கேட்கமாட்டா, சாட்சி கேட்கமாட்டா. 'முதல்ல நம்புவோம்'னு மேல பெரிசா போட்டிருப்பா. நல்ல மனசு. அவளுக்கு முதல் லேப்டாப் வாங்கித் தந்ததே நான்தான்.

பிரவீனா என் கடையில சேலை எடுத்துக் காட்டினவ. திடீர்னு வேலையை விட்டுப் போனா. லோஷினி பக்கத்துல அவ லைக் போட ஆரம்பிச்சப்பவே, அடுத்து அவளும் எழுதுவான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. வியாபாரத்துல முந்திக்கிறவன்தான் பொழைப்பான்.

புஷ்பவள்ளின்னு ஒரு அக்கவுண்ட் திறந்து லோஷினிக்கு நானே எழுதினேன். தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, கடை ஸ்டோர் அறையில, முதலாளி ஜெயபாலன் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்னு. அழுதுக்கிட்டே எழுதற மாதிரி, தப்பும் தவறுமா. லோஷினி கொஞ்ச நாள் போடாம வச்சிருந்தா. மாமன் பாசம், பாருங்க. அப்புறம் என் பேரோடயே போட்டுட்டா. அந்தத் தைரியத்தை நினைச்சா எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

அந்த ஞாயிறு பூரா நான் சிங்கப்பூர்ல ஒரு கல்யாணத்துல இருந்தேன். பந்தியில சாம்பார் வாளியோட நிக்கிறேன், வீடியோவுல இருக்கு. அதைக் காட்டினேன், அவ்வளவுதான்.

லோஷினி என் கால்ல விழுந்தா. "மன்னிச்சிருங்க மாமா, உங்களைப் போய்..." பக்கத்தை மூடுன்னு நான் சொல்லவே இல்ல. அவளே மூடிட்டா.

அதுக்குப் பிறகுதான் பிரவீனா தன் முகத்தைக் காட்டி, தன் பேரைச் சொல்லி வீடியோ போட்டா. கீழ என்ன எழுதினாங்க தெரியுமா? "அலமாக், ஐயோ, மறுபடியும் அதே முதலாளியா?" "புலி வருது கதைதான் லா." அவ அம்மாகூட நம்பலைன்னு கேள்விப்பட்டேன். பாவம். நான் அவளைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசல. பேச வேண்டிய அவசியமும் வரல.

அவ சொன்னதெல்லாம் உண்மையான்னு கேட்டீங்க. உண்மைதாம்மா. ஒரு இடம் மட்டும் தப்பு. நான் ஸ்டோர் அறைக் கதவைப் பூட்டினேன்னு சொல்றா. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. நான் அதுல சாஞ்சுதான் நின்னேன்.