கம்பி அக்கா பாடியதில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் இசைக்குழுத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அவர்களே, நாற்பத்தோரு வருடம் அக்காவோடு ஒரே வேனில் ஊர் ஊராகச் சுற்றிய கலைஞர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற அவருடைய மாணவிகளே, என் வீட்டுப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

உங்களுக்கு அவர் கம்பி அக்கா. எனக்கு ஓரகத்தி. அண்ணனைக் கட்டியவர் அவர், தம்பியைக் கட்டியவள் நான். ஓரகத்திகள் ஒத்துப்போனதாக நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? நாங்கள் ஒத்துப்போனோம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் துணியை எழுத்துக்கூட்டிப் படிக்க அது போதும். ‘மறைந்த பாடகி அம்மையாருக்கு இரங்கல் கூட்டம்’ என்று போட்டிருக்கிறது. எனக்கு முன்னால் பேசிய இரண்டு பேரும் அதைப் பார்த்துத்தான் அவருடைய குரல்வளத்தைப் புகழ்ந்தார்கள் போலிருக்கிறது. அக்கா பாடகி இல்லை. எந்த மேடையிலும் ஒரு வரிகூடப் பாடியதில்லை. நான் பாடினால் பால் திரிந்துவிடும் என்று அவரே சொல்லுவார். அவர் கிட்டார் வாசித்தவர்.

இதைக் காலையிலேயே செயலாளரிடம் சொன்னேன். “விடுங்கம்மா, பொம்பளைன்னா பாடகியாத்தான் இருக்கும்னு அச்சுக்கடைக்காரர் நெனச்சுட்டார். எல்லாம் பாட்டு சம்பந்தப்பட்டதுதானே” என்றார். துணி நாளைக்குக் கிழிந்துவிடும், போகட்டும். ஆனால் ஒத்திகை அறையில் அக்காவின் படத்தை மாட்டி, அதன் கீழே ‘பாடகி’ என்ற இதே சொல்லைக் கல்லில் வெட்டப்போகிறார்களாம். கல்லில் வெட்டிய பிறகு யார் சொல்லி யார் கேட்பது? அதற்காகத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வாரமே ஒன்றைக் கவனித்தேன். பெரிய மருமகளுக்கு இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்கும், வலது கை நகம் நீண்டிருக்கும். எங்கள் மாமியாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. “ஒரு கையில பிள்ளை நகம், ஒரு கையில பேய் நகம். இது என்னடி கோலம்? வெட்டிட்டு வந்து பாத்திரத்தத் தேய்” என்பார். அக்கா எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. ஒரு நாள் மட்டும் பேசினார்.

“இடது கை அழுத்தணும் அத்தை, வலது கை மீட்டணும். இத வெட்டுனா கிட்டார்ல சத்தம் செத்துடும்.”

அப்புறம் யார் தேய்ப்பதாம் என்று மாமியார் கேட்டார். நான் தேய்க்கிறேன், அடுப்பை அக்கா பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். புது மருமகளுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. நாற்பது வருடம் அந்தப் பங்கீடு மாறவில்லை. இசைக்கு நான் செய்த தொண்டு அவ்வளவுதான். ஆனால் அந்த நகத்திலிருந்து வந்த நாதத்தில் என் கைக் கரியும் கொஞ்சம் இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேலி செய்யாதவர் யார்? மாமனார் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “பெரியவ எங்க, கம்பி எண்ணுறாளா?” என்று சத்தமாகக் கேட்பார். “ஆறுதான் மாமா, எண்ணி முடிச்சாச்சு” என்று உள்ளேயிருந்து பதில் வரும். அந்தக் கேலிதான் கம்பி அக்கா என்று பட்டமாக நின்றுவிட்டது. விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், சுடுகிற பாத்திரத்தைத் துணியில்லாமல் இடது கையால் இறக்குவார். அப்படி உழைத்த கைக்கு ஒரு சொல் சரியாகக் கிடைக்கக்கூடாதா?

நம் பாடகர் ஐயா இங்கேதான் இருக்கிறார். ஒரு கல்யாண வரவேற்பு. சரணத்தை எடுக்கும்போது அவர் சுருதி மாறி மேலே போய்விட்டார். அக்கா கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் தன் விரல்களை மேலே நகர்த்தினார், மற்ற வாத்தியங்கள் அவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறின. சபைக்கு ஒன்றும் தெரியவில்லை. மாலை பாடகருக்கு விழுந்தது. வீட்டுக்கு வந்த அக்கா வாயே திறக்கவில்லை, மறுநாள் டிரம்ஸ் வாசிக்கிற தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐயா, தலையைக் குனியாதீர்கள். குறை சொல்லவில்லை. உங்களைத் தாங்கியவர் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறேன்.

அதே வரவேற்பில் பெண் வீட்டு அம்மாள் ஒருவர், நீங்கள் எப்போது பாடுவீர்கள் என்று அக்காவிடம் கேட்டாராம். “பாடுறவங்க மூச்சு வாங்குற எடத்துல எல்லாம் நாந்தாம்மா இருக்கேன்” என்றாராம் அக்கா.

இத்தனை வருடம் சொல்லாமல் எங்கேயும் போகாதவர், போன வாரம் எங்கள் எல்லோருக்கும் கம்பி நீட்டிவிட்டார். அழுது தீர்த்தாயிற்று. இன்றைக்கு நான் அழ வரவில்லை, பெருமைப்பட வந்திருக்கிறேன். எங்கள் வீட்டு மாடி அறையில் அக்கா நடத்திவந்த சனிக்கிழமை கிட்டார் வகுப்பு நிற்காது. இருபத்து மூன்று பெண்கள் படிக்கிறார்கள். மூத்தவள் என் மகன் வயிற்றுப் பேத்தி, அவள் சொல்லிக்கொடுப்பாள். கதவைத் திறந்து கூட்டிப் பெருக்குவது என் பொறுப்பு. இந்தச் சபை அறிய வாக்குக் கொடுக்கிறேன்.

கலைஞர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி தொடங்கும்போது வழக்கமாக வாசிக்கிற பாட்டை இப்போது வாசியுங்கள். பல்லவியும் முதல் சரணமும் கிட்டார் இல்லாமல் போகட்டும், அக்காவின் நாற்காலி காலியாகவே இருக்கட்டும். பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று எல்லோரும் காது கொடுங்கள். இரண்டாம் சரணத்துக்கு என் பேத்தி வந்து உட்காருவாள்.

பாட்டு முடிந்ததும் செயலாளர் எழுந்து, அந்தக் கல்லில் என்ன சொல்லை வெட்டப்போகிறார் என்று இந்தச் சபையில் சொல்லட்டும். அதுவரை நான் இந்த மைக்கை விட்டு நகரப்போவதில்லை.