சோதனையில் முதல் வீடு

சவாயி தீவு, வைதோலோ ஊர்ச் சுகாதார நிலையத்திலிருந்து பணி நிறைவு பெறும் செவிலியர் ஃபுவாட்டினோ அவர்களுக்கு உடன் பணிபுரிவோர் அன்புடன் அளிக்கும் மடல்

கொசுவின் கொட்டத்தை அடக்கியவரே, கொட்டாங்கச்சிகளைக் கவிழ்க்க வைத்தவரே, முப்பத்திரண்டு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் எங்கள் விரல்களைக் குத்திய வித்தகரே, வணக்கம்.

யானைக்கால் நோயை எங்கள் ஊர் வீங்கிய காலில் மட்டுமே தேடியது. வீக்கமே இல்லாதவர் உடம்பிலும் புழு குடித்தனம் நடத்தும், அதன் குட்டிகள் இரத்தத்தில் உலவும், பகலில் கடிக்கும் கொசு அவற்றை உறிஞ்சி, இரண்டு வாரம் வளர்த்து, அடுத்தவர் உடம்பில் இறக்கிவிடும் என்று பாயில் அமர்ந்து பொறுமையாகச் சொன்னவர் நீங்கள். ஞாயிறு விருந்துக்குப் பால் பிழிந்து எறிந்த கொட்டாங்கச்சியில் தேங்கும் மழைநீரே அந்தக் கொசுவுக்குத் தொட்டில் என்றும் காட்டினீர்கள்.

அந்நாளில் வாரந்தோறும் மகளிர் குழு வீடு வீடாகச் சென்று, எங்காவது நீர் தேங்கியிருக்கிறதா என்று பின்கட்டு வரை சோதிக்கும். உங்கள் வீட்டை மட்டும் மரியாதையாகத் தாண்டிப் போகும். புழுவைக் கொல்ல ஊருக்கே மருந்து கொடுக்கும் மாத்திரை நாளில், ஊரார் விழுங்குவதைப் பார்த்த பிறகே நகரும் நாங்களும், உங்கள் கணவர் தவித்தாவின் கையில் மாத்திரையை வைத்துவிட்டு வந்துவிடுவோம்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் எடுத்த பரிசோதனையில் இருவர் இரத்தத்தில் புழு இருந்தது. ஒருவர், பக்கத்து வீட்டு ஏழு வயதுச் சிறுமி தினா. மற்றவர், நோயின் சுவடே இல்லாமல் மீன்பிடிக்கப் போய்வந்த உங்கள் தவித்தா.

"மாத்திரையெல்லாம் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டீர்கள்.

"டப்பாவுல பத்திரமா இருக்கு. முழுங்கினியான்னு யாரும் கேக்கலையே. நீகூடத்தான் கேக்கல" என்றார் அவர்.

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தீர்கள். கொட்டாங்கச்சிக் குவியலில் தண்ணீர், தண்ணீரில் கொசுப்புழு.

அடுத்த வாரம் மாத்திரை நாள். விஷயம் வெளியே தெரிந்தால் உங்கள் கையிலிருந்து யார் வாங்கி விழுங்குவார்கள்? "விட்டுடுங்கம்மா, எதுக்கு வம்பு" என்று நாங்களே சொன்னோம். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறோம். நீங்களோ குழுவைக் கூட்டி, தினாவின் தாய்க்கு எதிரில் அமர்ந்து, "என் வீட்டுக் கொசுதான் உன் பிள்ளையக் கடிச்சிருக்கும். எல்லாரும் வந்து பாருங்க" என்றீர்கள்.

குழுத்தலைவி லெய்த்து உங்கள் பின்கட்டுக் கொட்டாங்கச்சிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தபடி, "எங்க வீட்டுல ஒண்ணு கிடந்தாலே ஒரு வாரம் திட்டுவியே நர்ஸம்மா, இதுக்கு எத்தன வருஷம் திட்டணும்?" என்றார். தலை குனிந்து கேட்டுக்கொண்டீர்கள். மாத்திரை நாளில் தவித்தா ஊர் நடுவே முதலில் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார். அடுத்துத் தன் தாயின் கைபிடித்துத் தினா வந்தாள். அவளுக்குப் பின்னால் ஊரே நின்றது.

அன்று முதல் சோதனை உங்கள் வீட்டில்தான் தொடங்குகிறது. ஓய்வு பெற்றவருக்குச் சலுகை உண்டென்று எண்ணிவிட வேண்டாம். நீங்களும் தவித்தாவும் நலமும் வளமும் பெற்று நெடுங்காலம் வாழ வேண்டும். செவ்வாய் காலை வாசலில் எங்களை வரவேற்கவும் வேண்டும். இம்முறை குழுவோடு வருபவர், உங்கள் நாற்காலியில் நாளை அமரப்போகும் செவிலியர் தினா. மரியாதைக்காக அவள் எந்த வீட்டையும் தாண்டிப் போகமாட்டாள்.

நன்றி மறவாத,
வைதோலோ சுகாதார நிலையப் பணியாளர்கள்