ஏரிக்கரைப் பார்க்கில் முப்பது ஆம்ப்

அய்யோ, சொருகிடாத கண்ணு, சொருகிடாத! கையை எடு. கத்திட்டேன், தப்பா நெனச்சுக்காத. நான் ஆர்டிஸ், இந்தக் கேரவன் பார்க்குல உனக்குப் பக்கத்து எடத்துல காரைப் போட்டிருக்கறவ. மொதல்ல அந்தக் கம்பத்துப் பெட்டிக்குள்ள பிரேக்கர் இருக்கு பாரு, அதை அணை. அணைச்சிட்டியா? இப்ப சொருகு. நல்லா அழுத்து, ஆட்டம் இருக்கக் கூடாது. அப்புறம்தான் பிரேக்கரைப் போடணும். கரண்டு இருக்கறப்ப சொருகினா பொறி பறக்கும், நாளாக நாளாக ப்ளக்கே கருகிடும்.

ஆமா, என்னுதும் கரண்டு காருதான். அதோ, நீலக் கலரு.

அடாப்டரைக் காட்டு. சரி, காருக்குன்னே செஞ்சது, நல்லது. கேரவன் வண்டி சாமான் விக்கிற கடையில ஒண்ணு தொங்கும், பார்த்தா இதே மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஒயர் போற விதமே வேற. அதைப் போட்டா சார்ஜே ஏறாது. நானே ஒண்ணை வாங்கி, அசடு வழியத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்.

இன்னொண்ணு. இது கேரவன் வண்டிங்களுக்குன்னு வெச்ச முப்பது ஆம்ப் ப்ளக். உன் காருக்கு அது தெரியாது. இந்த அடாப்டரைப் பார்த்துட்டு, பெரிய ஐம்பது ஆம்ப் ப்ளக்குன்னு நெனச்சுக்கிட்டு முப்பத்திரண்டு இழுக்கப் பார்க்கும். உள்ள போய் ஸ்கிரீன்ல இருபத்து நாலுக்குக் கொறை. முப்பது வைக்கக் கூடாதான்னா, கூடாது. விடிய விடிய ஓடப்போவுதுல்ல? ப்ளக்கும் பழசு. இருபத்து நாலுலயே காலையில நூறு மைலுக்கு ஏறியிருக்கும், அவசரம் என்ன? அரை மணி கழிச்சு வந்து ப்ளக்கைத் தொட்டுப் பாரு. வெதுவெதுன்னு இருந்தா பரவாயில்ல. சுட்டா ஒடனே நிறுத்திடு.

நானா? மெக்கானிக்கெல்லாம் இல்ல. முப்பது வருஷம் ஒரு பல் டாக்டர்கிட்ட போன் எடுத்துக்கிட்டு உக்காந்திருந்தவ. வீட்டுல ஃப்யூஸ் போனாக்கூட எங்க வீட்டுக்காரரு வெர்லின்தான் பார்ப்பாரு. அவரு டிராக்டர் உதிரி பாகம் விக்கிறவரு, மாசத்துல பாதி நாள் ரோட்டுலதான். நாலு மாசமா ஒக்காந்து படிச்சேன் கண்ணு. இந்த ஏரிக்கு வரணும்னே படிச்சேன்.

கரண்டு காரு வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு கோடையும் கேப்பேன், இந்த டாமரக் ஏரிக்கு ஒரு தடவை போலாங்க, ரெண்டே ரெண்டு நாள்னு. ஒவ்வொரு தடவையும் அதே பதிலு. அங்க முப்பது ஆம்ப்தான் ஆர்டிஸ், நம்ம காருக்கு ஒத்துவராது, அடாப்டரெல்லாம் ஆபத்து, பக்கத்துல வேற எங்கயும் சார்ஜ் போட முடியாதுன்னு. ஒரு வருஷம் அழுதே புட்டேன். தோள்ல கையை வெச்சு, உன்னைக் காட்டு வழியில தவிக்க விட எனக்கு மனசு வராதுன்னாரு. நான் போய் சர்ச்சுல எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன், எங்க ஆளு மாதிரி பொறுப்பு யாருக்கு வரும்னு.

மார்ச்ல போயிட்டாரு. மாரடைப்பு. இல்லம்மா, பரவாயில்ல, நீ சாரி சொல்லி என்ன ஆவப் போவுது.

அதுக்கப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சா, இவ்வளவுதான் விஷயம்! இப்ப நீ செஞ்சியே, அதேதான். பாவம், மனுசன் தெரியாம பயந்துட்டாருன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சிருச்சேன்னு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமை வேற.

இன்னிக்கு மத்தியானம் வந்து சொருகினேன். கரண்டைக் கொறைக்கலாம்னு உள்ள போய் உக்காந்தா, ஸ்கிரீன்ல ஏற்கெனவே இருபத்து நாலுன்னு நிக்குது. நான் விரலே வைக்கல.

இல்ல கண்ணு, தானா எப்படித் தெரியும்? உன் கார் எப்படியோ, எங்களுதுல ஒரு குணம் உண்டு. ஒரு எடத்துல ஒரு தடவை நாம கொறைச்சு வெச்சா, அந்த எடத்தை மறக்காது. திரும்ப வந்து சொருகினா அதுவே கொறைச்சுக்கும். காரோட குடுத்த புத்தகத்துலயே போட்டிருக்கான். இந்தக் காரை எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் ஓட்டினதில்ல. நான் வந்தது இன்னிக்குத்தான்.

கேட்டேனே. நேரா பார்க் ஆபீசுக்குப் போய், வெர்லின்னு ஒருத்தரு இங்க வந்திருக்காரான்னு கேட்டேன். அங்க இருக்கற பொண்ணுக்கு என்ன தெரியும், சிரிச்சுக்கிட்டே சொல்லுது. வெர்லினா, ஜூன் ஆனா ஜோடியா வந்துருவாங்களே, அவரு சம்சாரம் எனக்குன்னே செர்ரி கேக் செஞ்சு எடுத்துட்டு வருவாங்களேன்னு.

எனக்கு கேக் செய்ய வராது.

பேரா? கேக்கல. தெரிஞ்சு அவளை என்ன செய்யறது? அவன்கிட்ட கேக்கவேண்டியதையே கேக்க முடியல.

எங்கன்னா? காருக்கு முன்னாடி, இன்ஜின் இருக்கவேண்டிய எடத்துல ஒரு டிக்கி இருக்குல்ல, அதுல இருக்கான். சாம்பலா, ஒரு டப்பாவுல. சேர்ந்து பார்க்கக் குடுத்து வைக்கல, இந்த ஏரியிலயே கரைச்சுட்டுப் போலாம்னுதான் கொண்டு வந்தேன். இனிமே இல்ல. காலையில நான் மட்டும் எறங்கி நல்லா ஒரு குளியல் போட்டுட்டு, அவனைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். கராஜ்ல பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்துல எடம் இருக்கு.