பக்கெட் மேல் வைத்த தேங்காய்

அடுத்தவர் பேச்சை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். இப்போது குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பஸ். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

"உன் தேங்காயாலதான் நம்ம நீச்சல் குளமே ஒழுகுச்சு," என்றார் அவர்.

"நீங்கதானங்க, குளத்துப் படியில பக்கெட்ல தண்ணி ரொப்பி வை, ரெண்டும் ஒரே அளவு குறைஞ்சா வெயில் குடிச்சது, குளம் மட்டும் அதிகமா குறைஞ்சா ஒழுக்குன்னு சொன்னீங்க?"

"அது மேல தாம்பாளத்தைப் போட்டு மூடி, தேங்காய் வெச்சுக் கும்பிடச் சொன்னனா? மூடுன பக்கெட்ல தண்ணி எப்படிம்மா குறையும்? அதை நம்பி, குளத்துத் தரையை உடைக்க நாளைக்கு ஆள் வரச் சொல்லிட்டேன்!"

"நல்லது நடக்கட்டும்னுதாங்க வெச்சேன். அதான் நேத்தே தட்டை எடுத்துட்டு, பக்கெட்ல மறுபடி தண்ணி ரொப்பி, மூடாம வெச்சாச்சே."

அப்போது அவர் போன் அடித்தது. கேட்டவர் சீட்டைவிட்டு எழுந்தே விட்டார்.

"வீட்ல நம்ம பாப்பா அளந்து பார்த்துச்சாம். ரெண்டும் ஒரே அளவுதான் குறைஞ்சிருக்காம். ஒழுக்கே இல்ல!"

உடனே மேஸ்திரியைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றார்.

"அப்போ அந்தத் தேங்காய்?" என்றார் அந்தம்மா.

"கோயில்ல உடைச்சிரு. தரைக்குப் பதிலா அதாவது உடையட்டும்."

பஸ்ஸே சிரித்தது.

இதை யாருக்குச் சொன்னாலும், தேங்காயை விட்டுவிடாமல் அப்படியே சொல்லுங்கள்.