ஒற்றை எழுத்து அப்பா

“எங்கப்பா பேரு பத்தலையாம். இன்னும் ஒரு எழுத்தாவது வேணுமாம்.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது. பக்கத்தில் அவள் கணவர். இருவரும் செம்மண்டலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பது பேச்சில் தெரிந்தது.

“ஈமெயில் திறக்கத்தானே? குடும்பப் பேருன்னு கேட்டா எதையாவது போட்டுவுடேன்.”

“நமக்கு ஏதுங்க குடும்பப் பேரு? இனிஷியல் எஸ். அத போட்டா செவப்பு எழுத்துல தப்புங்குறான்.”

“ஈமெயில் கம்பெனிக்கு எழுதுனியே, என்ன ஆச்சு?”

“புகார் எழுதுற எடத்துலயும் அதே கட்டம். மூணு எஸ் போட்டு அனுப்புனேன். ‘அன்புள்ள எஸ்எஸ்எஸ், இது பிழை இல்ல, நாங்க அப்படித்தான் செஞ்சிருக்கோம்’னு பதில் வருது.”

“சரி வுடு. என் பேரப் போட்டுக்க.”

“எதுக்கு? தப்பு அவன் பேர்ல. பேர மாத்திக்கிறது நானா? மார்க் ஷீட்ல இருக்குற பேரு வேணும்னு புள்ளைங்க சென்டருக்கு வந்து நிக்குதுங்க. அதுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“நீ ஒருத்தி எழுதி அவ்ளோ பெரிய கம்பெனி திருத்திடுமா?”

“ஒருத்தியா? சென்டருக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு புகார் அனுப்ப வைக்கிறேன். இதுவரைக்கும் நாப்பது போயிருக்கு.”

“அடிப்பாவி! என்னய இதுல இழுக்காத.”

“உங்களோடதுதாங்க மொதல்ல போச்சு.”